போலீஸ் கேமரா, போலீஸ் ஆப், நம் முகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெரு குடியிருப்போர் சங்கத்தில் கேமரா கணக்கு என் பொறுப்பு. ஒயர் அறுந்தாலும் எனக்குத்தான் போன், அதை அணில் கடித்தாலும் எனக்குத்தான் போன். அதனாலோ என்னவோ, போலீஸ் கேமரா, ஒட்டுக்கேட்பு, முகத்தை அடையாளம் காட்டும் ஆப் என்று எது பேப்பரில் வந்தாலும் "இதெல்லாம் சட்டப்படி சரியா சார்?" என்று என்னிடம் வந்து நிற்கிறார்கள். நான் வக்கீல் இல்லை. சில வருடங்களாகத் தீர்ப்புகளையும் விதிகளையும் உட்கார்ந்து படித்ததில் ஓரளவு பிடிபட்டிருக்கிறது, அவ்வளவுதான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன்.

போலீஸ் கேமரா வைப்பதையே எதிர்க்கிறீர்களா?

இல்லை. எங்கள் தெருவில் காணாமல் போன ஒரு ஸ்கூட்டர் கேமரா பதிவால்தான் திரும்பக் கிடைத்தது. நான் கேட்பது கணக்கு. பதிவானதை யார் பார்த்தார்கள், எதற்காகப் பார்த்தார்கள், எத்தனை நாள் வைத்திருந்தார்கள், வேறு யாருக்குக் கொடுத்தார்கள் என்று எங்காவது எழுதி வைத்திருக்கிறார்களா? சங்கத்துக் கூட்டத்தில் டீ செலவுக்குக்கூட வவுச்சர் கேட்கிறோம். ஊர் முழுக்க நம் முகத்தைப் பதிவு செய்வதற்கு ஒரு வவுச்சர் கிடையாது என்பதுதான் என் குறை.

சென்னையில் இத்தனை கேமரா எப்படி வந்தது?

2017-ல் ஏ.கே.விஸ்வநாதன் கமிஷனராக வந்த பிறகு "மூன்றாவது கண்" என்ற பெயரில் ஒரு பெரிய பிரசாரம் நடந்தது ஞாபகம் இருக்கும். கடைக்காரர்கள், பள்ளிகள், அபார்ட்மென்ட்காரர்கள், எங்களைப் போன்ற சங்கங்கள் எல்லாம் சொந்தக் காசைப் போட்டுக் கேமரா மாட்டினார்கள். 2021-ல் உலக நகரங்களை வைத்து வெளிவந்த ஒரு பட்டியலில் டெல்லி, லண்டனுக்கு அடுத்து மூன்றாவது இடத்தில் சென்னை இருந்தது, சதுர மைலுக்கு சுமார் 610 கேமரா என்று கணக்கு. அதைப் பெருமையாகப் பகிர்ந்தவர்கள் நிறைய.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கேமரா வாங்கியது நாம், கரண்ட் பில் நம்முடையது, பதிவைக் கேட்டு வருவது போலீஸ். கேட்டால் எப்படிக் கொடுக்க வேண்டும், எழுத்தில் கேட்க வேண்டுமா, கொடுத்த நகல் பிறகு என்ன ஆகிறது என்பதெல்லாம் அந்தந்தத் தெருவின் பழக்கம்தான். எங்கள் தெருவில் பதிவுப் பெட்டி எலக்ட்ரிகல் கடையின் பின்பக்கத் தட்டில், ஸ்விட்ச் டப்பாக்களுக்கு நடுவில் இருந்தது. ஒருநாள் பக்கத்துத் தெரு மனிதர் ஒருவர் வந்து கடைப் பையனிடம் நைசாகப் பேசி, தன் மகள் காலேஜ் விட்டு யாருடன் நடந்து வருகிறாள் என்று மூன்று நாள் பதிவை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு இது தெரிந்ததே ஒரு வாரம் கழித்து. அந்தப் பெண் எங்கள் கண் முன்னால் வளர்ந்தவள். திருடனைப் பிடிக்கத்தான் கேமரா என்று வீடு வீடாகப் போய் வசூல் செய்தவன் நான். ராத்திரி தூக்கம் வரவில்லை.

முகத்தை அடையாளம் காட்டும் மென்பொருள் தமிழ்நாட்டிலும் இருக்கிறதா?

இருக்கிறது. 2017-லேயே தி.நகரில் தீபாவளி நெரிசலை ஒட்டி ஃபேஸ்டேகர் என்ற ஆப்பைப் போலீஸ் பயன்படுத்த ஆரம்பித்தது. 2021 அக்டோபரில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் மாநிலம் முழுவதற்குமான மென்பொருளைத் தொடங்கி வைத்தார். ஸ்டேஷன்களை இணைக்கும் சிசிடிஎன்எஸ் வலையமைப்பில் உள்ள படங்களோடு ஒரு புதுப் படத்தை ஒப்பிட்டு, ஜாடை ஒத்துப்போகும் ஆட்களைக் காட்டும். ரோந்தில் இருக்கும் போலீஸ்காரர் கையில் உள்ள போனிலேயே இதைச் செய்யலாம்.

இதற்கென்று சட்டமன்றமோ நாடாளுமன்றமோ நிறைவேற்றிய தனிச் சட்டம் எதுவும் இல்லை. யாருடைய படத்தை அந்தப் பட்டியலில் சேர்க்கலாம், வழக்கில் விடுதலையானால் எப்போது நீக்க வேண்டும், தெருவில் போகும் யாரை வேண்டுமானாலும் படம் பிடித்துப் போட்டுப் பார்க்கலாமா, எதற்கும் சட்டத்தில் ஒரு வரி கிடையாது.

கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?

கம்ப்யூட்டர் "இவர்தான் அவர்" என்று சொல்வதே இல்லை. முகத்தை ஒரு எண் வரிசையாக மாற்றி, இன்னொரு முகத்தின் எண் வரிசையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒரு மதிப்பெண் போடும். எத்தனை மதிப்பெண் வந்தால் "பொருந்தியது" என்று எடுத்துக்கொள்வது? அதை முடிவு செய்வது மனிதர்கள். 2022-ல் ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம் மூலம் கேட்டபோது, 80 சதவீதம் ஒத்துப்போனால் பொருத்தம் என்று எடுத்துக்கொள்வதாக டெல்லி போலீஸ் பதில் சொன்னது. ஏன் 80, ஏன் 95 இல்லை என்பதற்கு எந்தச் சட்டத்திலும் விடை இல்லை.

அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019-ல் பல மென்பொருள்களைச் சோதித்தபோது, ஆசிய, ஆப்பிரிக்க வம்சாவளி முகங்களில் ஆள் மாற்றிக் காட்டும் பிழை, வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்கு வரை அதிகமாக இருந்தது, மென்பொருளுக்கு மென்பொருள் இது மாறுபட்டது. நம் ஊர் வெயிலில், கம்பத்து உயரத்தில் மாட்டிய, தூசி படிந்த கேமராவில் எப்படி வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

காணாமல் போன குழந்தைகளைக் கண்டுபிடிக்கத்தானே இது வந்தது? அதைப் போய்க் குறை சொல்லலாமா?

டெல்லியில் அப்படித்தான் வந்தது. காணாமல் போன குழந்தைகள் தொடர்பான ஒரு வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றத்தைக் காட்டி 2018-ல் உள்ளே நுழைந்தது. அந்த வேலையை எப்படிச் செய்தது தெரியுமா? 2018-ல் அதன் துல்லியம் 2 சதவீதம் என்று போலீஸே நீதிமன்றத்தில் சொன்னது. மறுவருடம் 1 சதவீதத்துக்கும் கீழே போனது. ஆண் பிள்ளை எது, பெண் பிள்ளை எது என்றுகூட அதற்குத் தெரியவில்லை என்று மத்திய அரசே சொல்லும் நிலை.

சரி, சரிப்பட்டு வரவில்லை என்று மூட்டை கட்டினார்களா? 2019 டிசம்பரில் ராம்லீலா மைதானத்தில் பிரதமர் கூட்டத்துக்கு வந்தவர்களைச் சரிபார்க்க அதே மென்பொருள். 2020 கலவரத்துக்குப் பிறகு, வாக்காளர் அட்டை, டிரைவிங் லைசென்ஸ் படங்களையும் போட்டு 1,100-க்கும் மேற்பட்டோரை அடையாளம் கண்டதாக மக்களவையில் உள்துறை அமைச்சர் அமித் ஷா சொன்னார். ஓட்டுப் போடக் கொடுத்த படம் அது. குழந்தையைத் தேடக் கொண்டு வந்த கருவி இரண்டே வருடத்தில் எங்கே வந்து நின்றது பாருங்கள். கலவரக்காரர்களைப் பிடிக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு வேலைக்கு வாங்கியதை இன்னொரு வேலைக்குத் திருப்பும்போது யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டாமா என்றுதான் கேட்கிறேன்.

ராத்திரி வாகனத் தணிக்கையில் ஏட்டு தன் போனில் என்னைப் படம் எடுத்தார். எடுக்கலாமா?

அதிகம் வருகிற கேள்வி இதுதான். எனக்கே நடந்திருக்கிறது. செகண்ட் ஷோ முடிந்து திரும்பும்போது வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்கள், ஆர்சி, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் காட்டினேன், "ஹெல்மெட்டைக் கழற்றுங்க சார், இப்படி லைட்டைப் பாருங்க" என்றார் ஒருவர், பாஸ்போர்ட் ஆபீஸ் மாதிரி. எதற்கு என்று கேட்டேன். "ரொட்டீன்தான் சார்." அவ்வளவுதான் பதில்.

சட்டம் என்ன சொல்கிறது? படம், கைரேகை, கண் கருவிழி, கையெழுத்து, உடல் மாதிரிகள் வரைக்கும் எடுக்க அதிகாரம் தரும் சட்டம் ஒன்று இருக்கிறது, 2022-ல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளம் காணும் சட்டம். 1920-ம் வருடத்துக் கைதிகள் அடையாளச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. அது முக்கியமாகத் தண்டனை பெற்றவர்கள், கைதானவர்கள், தடுப்புக் காவலில் இருப்பவர்களைப் பற்றியது. விசாரணைக்குத் தேவை என்று மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால் மற்றவர்களிடமும் எடுக்கலாம். ரோட்டில் எல்லா ஆவணமும் சரியாக இருக்கிற ஆளை நிறுத்திப் படம் எடுப்பது இந்த எதிலும் வராது.

ஹைதராபாத்தில் 2021 மே மாத ஊரடங்கின்போது சமூக ஆர்வலர் ஒருவரை நிறுத்தி, முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லிப் படம் எடுத்தார்கள். ஏன் எடுத்தீர்கள், எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு அவர் தெலங்கானா உயர்நீதிமன்றத்துக்குப் போனார். 2022 ஜனவரியில் நீதிமன்றம் அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. நம்மில் யாரும் அந்த அளவுக்குப் போவதில்லை. ராத்திரி பன்னிரண்டரை மணிக்கு வீட்டுக்குப் போனால் போதும் என்றுதான் இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஆர்ப்பாட்டத்தில் பிடித்துக் கல்யாண மண்டபத்தில் வைத்தால் கைரேகை எடுப்பார்களா?

தமிழ்நாட்டுக்கே உரிய கேள்வி இது. காலையில் பிடித்து மண்டபத்தில் அடைத்து, சாப்பாடு போட்டு, சாயங்காலம் விட்டுவிடுவது நமக்குப் பழகிப்போன காட்சி. மேலே சொன்ன அடையாளச் சட்டத்தின் கீழ் 2022 செப்டம்பரில் வந்த விதிகளின்படி, தடை உத்தரவை மீறியதற்காக மட்டுமோ முன்னெச்சரிக்கையாக மட்டுமோ கைதானவர்களிடம் கைரேகை, படம் போன்ற அளவுகளை எடுக்கக்கூடாது, வேறு குற்ற வழக்கு சேர்ந்தால்தான் எடுக்கலாம். மண்டப வாசலில் பெயர், முகவரி, போன் நம்பர் எழுதிக்கொள்வார்கள். வீடியோவும் எடுப்பார்கள். அந்த வீடியோ பிறகு என்ன ஆகிறது என்பது இந்த விதிகளில் இல்லை.

வழக்கு, கைது என்று ஆகி ஒருமுறை அளவு கொடுத்துவிட்டால் அது தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தில் 75 வருடம் இருக்கும். வேறு தண்டனை இல்லாதவர் விடுதலையானால், மேல்முறையீடெல்லாம் முடிந்த பிறகு அழிக்க வேண்டும். 20 வயதில் கைதாகும் பையன் தண்டனை பெற்றால் அவனுடைய கைரேகை அவனுக்கு 95 வயது ஆகும்வரை அங்கே இருக்கும்.

நான் எந்தத் தப்பும் செய்யவில்லையே, எனக்கு என்ன பயம்?

உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்று ஒருவர் இருந்தார். 1941-ல் ஒரு கொள்ளை வழக்கில் பிடித்தார்கள், சாட்சியம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். விட்ட பிறகும் அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு திறந்தார்கள். அப்புறம் ராத்திரி ராத்திரி வீட்டுக் கதவைத் தட்டி, ஆள் உள்ளே இருக்கிறாரா என்று பார்ப்பது, வெளியூர் போனால் எங்கே போகிறாய் என்று விசாரிப்பது, வருடக்கணக்காக. தட்டுகிற சத்தத்தில் வீட்டில் தூங்கும் எல்லோரும்தான் எழுந்திருக்க வேண்டும், அவர்கள் என்ன தப்பு செய்தார்கள்? வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1962 டிசம்பரில் ராத்திரி வீடு தேடிப் போவது மட்டும் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. பின்தொடர்வது, நடமாட்டத்தைக் குறித்துவைப்பது தப்பில்லை என்று விட்டுவிட்டார்கள். பின்தொடர்வதும் தப்புதான் என்று நீதிபதி சுப்பா ராவ் மாற்றுத் தீர்ப்பு எழுதினார். அவர் பார்வை சரி என்று ஒன்பது நீதிபதிகள் சொல்ல 2017 ஆகஸ்ட் வரை, அதாவது புட்டசாமி வழக்கு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அன்றைக்குக் கதவைத் தட்ட ஒரு கான்ஸ்டபிள் தூக்கம் கெட்டு நடந்து போக வேண்டும். ஊரில் பத்துப் பேரைத்தான் அப்படிக் கண்காணிக்க முடியும். இப்போது யாரும் நடக்க வேண்டாம், தூக்கமும் கெட வேண்டாம், கதவு தட்டும் சத்தமும் கேட்காது. அந்தச் சத்தம்தான் கரக் சிங்கை கோர்ட்டுக்கு அனுப்பியது.

புட்டசாமி தீர்ப்பு போதாதா? புதுச் சட்டம் எதற்கு?

அந்தரங்கம் அடிப்படை உரிமை, அதில் அரசு கை வைப்பதென்றால் சட்டம் ஒன்று இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சிய அளவில் தலையிடக்கூடாது என்று தீர்ப்பு சொல்கிறது. முதல் படியே "சட்டம் இருக்க வேண்டும்" என்பதுதான். முகம் ஒப்பிடும் மென்பொருள் அந்த முதல் படியிலேயே தடுக்கி விழுகிறது. ஆனால் தடுக்கிவிட்டது என்று யாராவது கோர்ட்டில் போய் நிரூபிக்க வேண்டும், அதுவரை மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்.

2023-ல் டேட்டா பாதுகாப்புச் சட்டம் வந்ததே?

வந்தது. குற்றத்தைத் தடுக்க, கண்டுபிடிக்க, விசாரிக்க என்றால் அதன் பெரும்பாலான கடமைகள் பொருந்தாது என்று 17-வது பிரிவு சொல்கிறது. மத்திய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு மொத்தமாகவே விலக்கு கொடுக்கவும் வழி இருக்கிறது. உங்கள் போன் நம்பரைக் கேட்கும் ஜவுளிக்கடைக்கு இந்தச் சட்டம் போடும் கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவை போலீஸுக்கு இல்லை.

போனை யார் ஒட்டுக்கேட்கலாம்?

உள்ளதிலேயே கொஞ்சம் ஒழுங்கான விதிகள் இருப்பது இதற்குத்தான். 1996 டிசம்பரில், பியுசிஎல் என்ற மனித உரிமை அமைப்பு தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட வரைமுறைகள், பிறகு 2007-ல் தந்தி விதிகளில் சேர்ந்தன, 2024 டிசம்பரில் புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் வேறு விதிகளாக வந்தன. மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலாளர் உத்தரவு வேண்டும். ஒரு உத்தரவுக்கு இரண்டு மாதம், நீட்டித்தாலும் மொத்தம் ஆறு மாதம். மறுஆய்வுக் குழு ஒன்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

குழுவில் யார்? மாநிலத்தில் தலைமைச் செயலாளரும் மற்ற செயலாளர்களும். உத்தரவு போட்டவரும் அரசு அதிகாரி, சரிபார்ப்பவரும் அரசு அதிகாரி, ஒரு நீதிபதிகூடக் கிடையாது. மத்தியக் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும்போது அதன் முன்னால் 15,000 முதல் 18,000 உத்தரவுகள் வரை இருக்கும் என்று டேட்டா பாதுகாப்புக்காக மத்திய அரசு அமைத்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-ல் எழுதியது. 18,000 கோப்பு! ஒரு கோப்புக்கு ஒரு நிமிடம் என்றால்கூட விடாமல் 300 மணி நேரம் உட்கார வேண்டும். யார் உட்காரப்போகிறார்கள், கையெழுத்துதான்.

சென்னை உயர்நீதிமன்றம் ஏதோ சொன்னதாகப் படித்தேன்?

2025 ஜூலையில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த தீர்ப்பு. லஞ்ச வழக்கு ஒன்றில் 2011-ல் மத்திய உள்துறை போட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவை அவர் ரத்து செய்தார். சட்டத்தில் இருப்பது "பொது அவசரநிலை", "பொதுப் பாதுகாப்பு" என்ற இரண்டே காரணங்கள். இரண்டுமே வெளியில் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும் நிலைமைகள், குற்றம் ஏதாவது நடக்கிறதா என்று ரகசியமாகத் துழாவுவதற்கு அவற்றைச் சாக்காகச் சொல்ல முடியாது என்றார். கேட்டுப் பதிவு செய்ததை மறுஆய்வுக் குழு முன் வைக்கவும் இல்லை. நான் படித்ததில் சாதாரண ஆளுக்கும் புரிகிற மாதிரி எழுதப்பட்ட தீர்ப்பு. ஏறக்குறைய அதே சமயத்தில் டெல்லி உயர்நீதிமன்றம் பெரிய ஊழலையும் பொதுப் பாதுகாப்புக்குள் கொண்டுவரலாம் என்று வேறு மாதிரி சொல்லியிருக்கிறது.

யார் யாரிடம் பேசினேன் என்ற பட்டியலை எடுப்பது?

பேச்சைக் கேட்பதைவிட இது சுலபம். உள்துறைச் செயலாளர் வேண்டாம், எஸ்பி அந்தஸ்தில் உள்ளவர் கேட்டால் கம்பெனி கொடுத்துவிடும். 2013-ல் அருண் ஜேட்லியின் அழைப்புப் பட்டியலைத் திருட்டுத்தனமாக எடுத்த விவகாரத்தில் டெல்லி போலீஸ் கான்ஸ்டபிள் ஒருவரே கைதானார். அன்றைக்கு அவர் மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவர், அவருக்கே அந்தக் கதி. நம் பட்டியலை யாராவது எடுத்தால் நமக்குச் சொல்ல வேண்டும் என்று எந்த விதியும் இல்லை, வழக்கு முடிந்து பத்து வருடம் ஆன பிறகும்கூட.

ஜாமீனில் வந்தவர் எந்நேரமும் லொகேஷன் காட்ட வேண்டுமா?

வேண்டாம். கூகுள் மேப்பில் பின் போட்டு விசாரணை அதிகாரிக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சேகரித்ததைப் போலீஸ் பத்திரமாக வைத்திருக்காதா?

2024 மே மாதம் தமிழ்நாடு போலீஸின் அதே முகம் ஒப்பிடும் தளத்துக்குள் யாரோ புகுந்தார்கள். அட்மின் கணக்கு ஒன்றின் பாஸ்வேர்டு கசிந்துவிட்டது என்று போலீஸ் தரப்பே சொன்னது. உள்ளே போனவர்களால் கொஞ்சம்தான் பார்க்க முடிந்தது என்றும் சொன்னார்கள். இருக்கட்டும். பாஸ்வேர்டு போனால் வேறு போட்டுக்கொள்ளலாம். முகம் போனால்?

போலீஸையும் கேமரா பார்க்க வேண்டாமா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு சாத்தான்குளம்தான் ஞாபகம் வரும். 2020 ஜூனில், ஊரடங்கு நேரத்தில் மொபைல் கடையைத் திறந்து வைத்தார்கள் என்று தந்தையையும் மகனையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், இருவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் ஸ்டேஷன் கேமரா பதிவைக் கேட்டார். ஹார்ட் டிஸ்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு தானாக அழிந்துபோகும்படி செட்டிங்கில் மாற்றி வைத்திருந்தார்கள் என்று அவர் உயர்நீதிமன்றத்துக்கு எழுதினார்.

கேமரா பெட்டியோடு பழகியவனாகச் சொல்கிறேன். எங்கள் எலக்ட்ரிகல் கடைப் பெட்டியிலும் ஒரு டெராபைட்தான். நான்கு கேமரா வைத்து ஓட்டினாலே இரண்டு வாரத்துக்குக் குறையாமல் நிற்கும், நிரம்பினால் பழையது மேலேயே எழுதிக்கொள்ளும். தினமும் அழிய வேண்டுமென்றால் யாராவது மெனுவுக்குள் போய் நாள் கணக்கை "1" என்று மாற்ற வேண்டும். பெட்டி தானாக அதைச் செய்யாது.

அந்த வருட டிசம்பரிலேயே பரம்வீர் சிங் சைனி வழக்கில், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வாசல் முதல் லாக்கப் வரை ஒலியோடு பதிவாகும் கேமரா வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், அந்த வசதி கிடைக்காவிட்டால் ஒரு வருடமாவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றம், ஸ்டேஷன்களில் கேமரா வேலை செய்யவில்லை என்ற பத்திரிகைச் செய்தியைப் பார்த்துத் தானாகவே வழக்கு எடுக்க வேண்டியிருந்தது. தெருவில் நம்மைப் பார்க்கும் கேமரா மட்டும் கெடுவதே இல்லை.

வெளிநாடுகளில் எப்படி?

சொர்க்கம் ஒன்றும் இல்லை, ஆனால் கேட்கிற கேள்வியை ஒழுங்காகக் கேட்கிறார்கள். பிரிட்டனில் 2020 ஆகஸ்டில் சவுத் வேல்ஸ் போலீஸுக்கு எதிரான பிரிட்ஜஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், முகம் தேடும் பட்டியலில் யாரைப் போடுவது, கேமரா வண்டியை எங்கே நிறுத்துவது என்ற இரண்டையும் போலீஸ்காரர் விருப்பத்துக்கே விட்டிருப்பது சட்டவிரோதம் என்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 பிப்ரவரி முதல் பொது இடத்தில் நேரலையாக முகம் தேடுவதைப் போலீஸுக்குத் தடை செய்திருக்கிறார்கள், கடத்தப்பட்டவரைத் தேடுவது போன்ற சில விலக்குகளுக்கு நீதிபதி அல்லது சுதந்திரமான அமைப்பின் முன் அனுமதி வேண்டும்.

அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 2020 ஜனவரியில் வாட்ச் திருடியதாக ஒரு கறுப்பினத்தவரை வீட்டு வாசலில், மனைவி, மகள்கள் கண் முன்னால் விலங்கு போட்டுக் கூட்டிப்போனார்கள். ஸ்டேஷனில் கடை கேமராப் படத்தைக் காட்டியபோது அவர் அதை எடுத்துத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். ஆள் வேறு. 2024-ல் அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தபோது, மென்பொருள் காட்டியது என்பதை மட்டும் வைத்துக் கைது செய்யக்கூடாது என்று அந்த ஊர் போலீஸ் ஒப்புக்கொண்டது. சான் பிரான்சிஸ்கோ நகரம் 2019-ல் முகம் தேடும் மென்பொருளைத் தன் துறைகளுக்குத் தடை செய்து, எந்தக் கண்காணிப்புக் கருவியானாலும் வாங்கும் முன் நகர மன்றத்தின் அனுமதி வேண்டும் என்றது. 2024 மார்ச்சில் வாக்கெடுப்பு நடத்தி அதைக் கொஞ்சம் தளர்த்தியும் விட்டார்கள்.

நம் ஊரில் சட்டம் வந்தால் அதில் என்ன இருக்க வேண்டும்?

என்னைக் கேட்டால் முதலில் டெண்டர். கருவி வாங்கிய பிறகு விதி எழுதினால் வாங்கியதற்கு ஏற்ற மாதிரிதான் விதி வரும், சட்டை தைத்த பிறகு அளவெடுக்கிற கதை. எதற்கு வாங்குகிறோம், எங்கே வைப்போம், எத்தனை நாள் வைத்திருப்போம் என்று வாங்கும் முன்னாலேயே சட்டமன்றத்தில் வைத்து, ஜனங்களிடம் கருத்தும் கேட்க வேண்டும்.

இரண்டாவது, தேடல் பதிவேடு. இது எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். ஒவ்வொரு முறை ஒரு முகத்தைப் போட்டுத் தேடும்போதும் எந்த அதிகாரி, எந்த எஃப்ஐஆர் எண், என்ன காரணம், என்ன பலன் என்று மாற்ற முடியாதபடி பதிவாக வேண்டும், எஃப்ஐஆர் எண் இல்லாமல் தேடல் திறக்கவே கூடாது. காணாமல் போனவர்களுக்கும் அடையாளம் தெரியாத பிணத்துக்கும் தனி வழி வைக்கலாம், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அப்புறம், அனுமதி தருவது நீதிபதியாக இருக்க வேண்டும். போராட்டக் கூட்டத்தில் முகம் தேடக்கூடாது. விடுதலையானவர் படத்தைக் கேட்காமலே நீக்க வேண்டும், இப்போது மாதிரி நாம் கோர்ட்டு கோர்ட்டாக அலையக்கூடாது. மென்பொருள் காட்டிய பொருத்தத்தை மட்டும் வைத்துக் கைது கூடாது. குற்றப்பத்திரிகையில் மென்பொருள் பயன்படுத்தினார்களா, எத்தனை மதிப்பெண் வந்தது என்பது இருக்க வேண்டும், அது தெரியாமல் எதிர்த்தரப்பு வக்கீல் எதைக் குறுக்கு விசாரணை செய்வார்?

இத்தனை கட்டுப்பாடு போட்டால் போலீஸ் எப்படி வேலை செய்யும்?

ஒரு ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர் எங்கள் சங்கத்தில் இருக்கிறார், அவரும் இதைத்தான் கேட்டார். அவரிடமே திருப்பிக் கேட்டேன்: ஸ்டேஷனில் துப்பாக்கி எடுக்கும்போது என்ன செய்வீர்கள் சார்? "ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டு, ரவுண்டு எண்ணி வாங்கணும், திருப்பிக் கொடுக்கும்போதும் எண்ணணும்" என்றார். அதனால் வேலை நின்றுபோனதா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "போன்ல ஆப் திறக்கறதும் துப்பாக்கி எடுக்கறதும் ஒண்ணாய்யா?" என்றார். இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

நான் என்ன செய்யலாம்?

உங்கள் ஊர் போலீஸ் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு பத்து ரூபாய் கட்டணத்தோடு ஆர்டிஐ போடுங்கள். உங்களைப் பற்றிக் கேட்காதீர்கள், நடைமுறையைக் கேளுங்கள்: முகம் ஒப்பிடும் மென்பொருள் வாங்கிய உத்தரவின் நகல், எவ்வளவு செலவு, பொருத்தத்துக்கு எத்தனை சதவீதம், பதிவு எத்தனை நாள், போன வருடம் எத்தனை தேடல், அதில் எத்தனை கைது. முப்பது நாளில் பதில் வர வேண்டும். பாதுகாப்புக் காரணம் என்று மறுத்தால் முதல் மேல்முறையீடு, அப்புறம் தகவல் ஆணையம். நேரம் பிடிக்கும்.

சரி, உங்கள் தெரு கேமராவை என்ன செய்தீர்கள்?

பெட்டியை எலக்ட்ரிகல் கடையிலிருந்து எடுத்து, செயலாளர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே பூட்டு போட்ட இரும்பு அலமாரிக்கு மாற்றினோம். பதினைந்து நாளுக்கு மேல் எதுவும் நிற்காது. அலமாரிக் கதவில் ஒரு நூறு பக்க நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்: தேதி, யார், எந்த நேரத்துப் பதிவு, காரணம், கையெழுத்து. போலீஸ் என்றால் ஸ்டேஷன் சீல் வைத்த கடிதம் அல்லது எஃப்ஐஆர் எண். முதல் தடவை வந்த எஸ்ஐ நோட்டைப் பார்த்து முறைத்தார், பிறகு ஸ்டேஷனுக்குப் போன் போட்டு நம்பர் வாங்கி எழுதினார். இப்போது வருகிறவர்கள் அலமாரியைத் திறக்கும் முன்பே பேனாவைக் கேட்கிறார்கள். அந்தத் தகப்பனாரும் ஒருமுறை வந்தார். நோட்டைத் திறந்து "காரணம்" என்ற கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, பேனாவை வைத்துவிட்டுப் போய்விட்டார்.